செய்யிறதா, பொறுக்கிறதா? வால்வு ஒப்பரேசன் பற்றி

எக்கோ ரிப்போர்ட்டில் 'சிவியர்' என்ற சொல்லைக் கண்டதும் குடும்பம் இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு பக்கம், "உடனே செய்யவேணும், நாளைக்கே சென்னைக்கு ரிக்கற் போடுங்கோ" என்கிற ரொறன்ரோ மகன். மறுபக்கம், "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, சும்மா இருக்கிற நெஞ்சை ஏன் வெட்டவேணும்" என்கிற அம்மா. வட்ஸ்அப்பில் இந்தச் சண்டை எங்கள் சொந்தக்காரருக்குள் பல தடவை நடந்திருக்கிறது. இரண்டு பேருமே ஒரு முக்கியமான விஷயத்தைப் பார்க்காமல்தான் சண்டை பிடிக்கிறார்கள் என்பது என் எண்ணம். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

நான் டொக்டர் இல்லை. வெள்ளவத்தை மாமாவுக்கு ஒரு வால்வு, கொட்டாஞ்சேனைப் பெரியம்மாவுக்கு இன்னொரு வால்வு. இருவருடைய கிளினிக் கொப்பிகளையும் தூக்கிக்கொண்டு திரிந்த காலத்தில் பொறுமையான சில டொக்டர்மார் சொல்லித் தந்ததையும், பிறகு நானாக இருந்து வாசித்ததையும் எழுதுகிறேன். உங்கள் வீட்டு ஆளுக்கு என்ன செய்வது என்பதை அவரைத் தொட்டுப் பார்த்த டொக்டர்தான் சொல்லவேண்டும். அவர் சொல்வது உங்களுக்கு விளங்கவும், அவருக்கு நீங்கள் சொல்லவேண்டியதைச் சரியாகச் சொல்லவும் இது உதவினால் போதும்.

இதயத்தில் நாலு வால்வுகள். இரத்தத்தை ஒரே திசையில் விடுகிற கதவுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவுக்கு வருகிற கேடு இரண்டு வகை: சரியாகத் திறக்காது, அல்லது சரியாகப் பூட்டாது. முதலாவது சுருக்கம், இரண்டாவது கசிவு. ஒரே வால்வில் இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு. பெரும்பாலும் தொல்லை தருவது இடப்பக்கத்து வால்வுகளான மைற்றலும் அயோட்டிக்கும்தான். கெட்டுப்போன வால்வைக் குளிசை திருத்தாது. நீர் போகிற குளிசை கால் வீக்கத்தைக் குறைக்கும், இன்னொரு குளிசை துடிப்பை மெதுவாக்கும், ஆள் தெம்பாக எழும்பி நடப்பார். வால்வு அதே வால்வுதான்.

அப்படியென்றால் கண்டவுடனே மாற்றிவிட்டால் என்ன? நெஞ்சைத் திறக்கிற ஒப்பரேசனில் எப்போதும் ஆபத்து இருக்கிறது. செயற்கை வால்வும் சொந்த வால்வு ஆகாது. உலோக வால்வு வைத்தால் ஆயுள் முழுக்க இரத்தம் உறையாமல் வைத்திருக்கிற வோர்பரின் குளிசை; விலங்குத் திசுவில் செய்த வால்வு வைத்தால் அது சில காலத்தில் தேய்ந்துபோகும், இளம் வயதுக்காரருக்கு இன்னும் கெதியாக. ஆகவே சும்மா இருக்கிற ஆளுக்கு அவசரப்பட்டு வைப்பது பிழை. இதயத் தசை பழுதாகும்வரை விட்டுவைப்பது அதைவிடப் பிழை, ஏனென்றால் தசை ஒரு கட்டம் தாண்டிப் பழுதானால் புது வால்வு வைத்தும் அது முழுதாக மீளாது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள காலத்தைப் பிடிப்பதுதான் முழு வித்தையும்.

மாமாவுக்கு வந்தது அயோட்டிக் வால்வுச் சுருக்கம். வயது போகப்போக இதழ்களில் கல்சியம் படிந்து அவை விறைத்துப்போகிற நோய். (பிறக்கும்போதே மூன்று இதழுக்குப் பதிலாக இரண்டு இதழ் மட்டும் உள்ளவர்களுக்கு இது பத்து, இருபது வருடம் முந்தியே வந்துவிடும்.) காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், லிஃப்ட் இல்லாத பழைய தொடர்மாடியில், மூன்றாம் மாடியில் வீடு. டொக்டர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். படி ஏறேக்க களைக்குதா? "இல்லை." நெஞ்சுக்குள்ள இறுக்கம் ஏதும்? "இல்லை டொக்டர்." தலைச்சுற்று? "அப்பிடி ஒண்டும் இல்லை." மாமா பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான் தெரிந்தது.

பிறகு டொக்டர் மாமியின் பக்கம் திரும்பினார். "போன வருசம் இந்த நேரம் இவர் என்னென்ன செய்தவர்? இப்ப அதில என்னத்தை விட்டிட்டார்?"

மாமி யோசிக்கவே இல்லை. முந்தி வெள்ளவத்தைச் சந்தையிலிருந்து இரண்டு கையிலும் பை தூக்கிக்கொண்டு நடந்து வருவாராம். இப்போது தேங்காயைக்கூடக் கடைப் பொடியனிடம் கொடுத்தனுப்பச் சொல்கிறாராம். வெள்ளிக்கிழமை மயூரபதி அம்மன் கோயிலுக்கு நடந்து போனவர் ஓட்டோ பிடிக்கிறாராம். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று போனை எடுத்துப் பார்க்கிறாராம். "அதில ஒரு மெசேஜும் வந்திருக்காது டொக்டர்" என்றார் மாமி. டொக்டர் பேனையை எடுத்துக் கொப்பியில் எழுதத் தொடங்கினார். மாமா 'அறிகுறி இல்லாதவர்' என்ற பட்டியலிலிருந்து அந்த நிமிடத்தில் வெளியே வந்தார்.

வால்வு நோய் மெல்ல மெல்ல வருவதால் ஆள் தன் நாளையும் மெல்ல மெல்லச் சுருக்கிக்கொள்கிறார். ஏறினால் களைக்கும் என்பதால் ஏறுவதை விடுகிறார்; ஏறாததால் களைப்பதில்லை; களைப்பதில்லை என்பதால் வருத்தம் இல்லை. வீட்டாரும் "வயசு போனா அப்பிடித்தானே" என்று விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் கிளினிக்குக்கு நோயாளி தனியே போகக்கூடாது என்று நான் வற்புறுத்துகிறேன். கூடவே போகிறவர் அவரோடு ஒரே வீட்டில் இருப்பவராக இருக்கவேண்டும். காரோட்ட வந்த மருமகனுக்கு இரண்டாம் மாடித் திருப்பம் தெரியாது.

அறிகுறிக்கு ஏன் இவ்வளவு பாரம் கொடுக்கிறார்கள் என்றால், 1968இல் ஜோன் ரோஸ், யூஜின் பிரான்வோல்ட் என்ற இரண்டு அமெரிக்க டொக்டர்கள் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்கவேண்டும். சுருங்கிய அயோட்டிக் வால்வோடு ஒருவர் வருடக்கணக்காக ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். அறிகுறி தொடங்கியபின் கணக்கு அடியோடு மாறுகிறது. ஒப்பரேசன் செய்யாமல் விட்டால் நெஞ்சுநோ வந்தவர்களுக்குச் சராசரியாக 5 வருடம், மயங்கி விழுந்தவர்களுக்கு 3, இதயம் பலவீனப்பட்டு இளைப்பு வந்தவர்களுக்கு 2 என்று அவர்கள் காட்டினார்கள். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் டொக்டர்மார் அந்தக் கோட்டுப்படத்தைத்தான் காட்டுகிறார்கள். இளைப்போடு வருகிற அயோட்டிக் நோயாளிக்கு "கொஞ்ச நாள் பார்ப்பம்" என்று வீட்டில் முடிவெடுப்பது எவ்வளவு பெரிய முடிவு என்பது இதில் தெரியும்.

'சிவியர்' என்பதற்கு அளவு உண்டு. வால்வுக்குள்ளால் இரத்தம் பாய்கிற வேகம் செக்கனுக்கு 4 மீற்றர் அல்லது அதற்கு மேல், வால்வின் இரு பக்கத்துக்கும் உள்ள சராசரி அழுத்த வித்தியாசம் 40 அல்லது அதற்கு மேல், திறக்கிற பரப்பு 1 சதுர சென்ரிமீற்றர் அல்லது அதற்குக் கீழ். நல்ல வால்வு 3, 4 சதுர சென்ரிமீற்றருக்குத் திறக்கும். சராசரியாக அந்த வேகம் வருடத்துக்கு 0.3 மீற்றர் அளவில் கூடிக்கொண்டு போகும் என்பதால் பழைய ரிப்போர்ட்டுகளை எறிந்துவிடாதீர்கள். ஒரு எண்ணைவிட அது ஓடுகிற ஓட்டம் நிறையச் சொல்லும்.

இதில் கவனமாக இருக்கவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. இதயத் தசை களைத்துப்போனால் அதனால் இரத்தத்தை வேகமாகத் தள்ள ஏலாது. வால்வு மோசமாகவே இருக்க, வேகம் 3 என்றோ 3.5 என்றோ குறைந்து தெரியும். எண் இறங்கியதைக் கண்டு சந்தோசப்படக்கூடாது. அப்படியானவர்களுக்கு மருந்து ஏற்றி இதயத்தைத் துரிதப்படுத்தி எக்கோ எடுப்பார்கள், அல்லது சிரி ஸ்கானில் வால்வில் படிந்த கல்சியத்துக்குப் புள்ளி போடுவார்கள். ஆண்களுக்கு 2000, பெண்களுக்கு 1200 தாண்டினால் சுருக்கம் கடுமையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

சரி, உண்மையாகவே ஒரு அறிகுறியும் இல்லாதவருக்கு? அவருக்கும் சில நேரம் செய்யச் சொல்வார்கள். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் நிரம்பிய இரத்தத்தில் எத்தனை வீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதை ரிப்போர்ட்டில் 'ஈஎஃப்' என்று போட்டிருப்பார்கள். அது 50க்குக் கீழே போயிருந்தால், வேகம் 5ஐத் தாண்டிவிட்டிருந்தால், அல்லது டொக்டரின் கண் முன்னால் ட்ரெட்மில்லில் நடக்கவிட்டபோது பிரஷர் ஏறாமல் விழுந்தால். (அறிகுறி உள்ளவரை ட்ரெட்மில்லில் ஏற்றவே கூடாது. வீட்டில் யாரும் "படி ஏறிக் காட்டுங்கோ பாப்பம்" என்று சோதனை வைக்கவும் வேண்டாம்.)

அண்மைக்காலத்தில் கதை இன்னும் கொஞ்சம் முன்னுக்கு நகர்ந்திருக்கிறது. 2002இல் பிரான்ஸின் ரூவான் நகரில் அலன் கிரிபியே என்ற டொக்டர் நெஞ்சைத் திறக்காமல் இரத்தக் குழாய் வழியாக அயோட்டிக் வால்வை முதன்முதலாகக் கொண்டுபோய் வைத்தார். இப்போது தொடை நாடி வழியாக வைப்பதுதான் வழக்கம். டாவி என்று சொல்கிறார்கள், இலங்கையிலும் செய்கிறார்கள், செலவு மிகப் பெரிது. 2024இல் வெளியான ஏர்லி டாவர் என்ற ஆய்வில் 65 வயதுக்கு மேற்பட்ட, கடுமையான சுருக்கம் இருந்தும் அறிகுறி இல்லாத 901 பேரை எடுத்தார்கள். பாதிப் பேருக்கு உடனே வைத்தார்கள், மீதிப் பேரைக் கண்காணித்தார்கள். மரணம், பாரிசவாதம், எதிர்பாராமல் ஆஸ்பத்திரியில் சேர்வது மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் உடனே செய்தவர்களில் 26.8 வீதம், காத்திருந்தவர்களில் 45.3 வீதம். வித்தியாசம் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்த கணக்கால் வந்தது. மரணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. எனக்கு உறைத்தது வேறொரு எண்: காத்திருந்தவர்களில் 87 வீதமானவர்களுக்கு ஆய்வு நடந்த காலத்துக்குள்ளேயே வால்வு மாற்றவேண்டி வந்தது. கடுமையான சுருக்கத்தில் பொறுப்பது என்றால் பெரும்பாலும் ஒப்பரேசனைக் கொஞ்ச நாள் பிற்போடுவதுதான். அந்த நாட்களில் ஆள் கெடாமல் பார்க்க வீட்டில் கண் வேண்டும்.

கசிகிற மைற்றல் வால்வு இதைவிட ஏமாற்றும். வழக்கமாக ஈஎஃப் 55க்கு மேல் இருந்தால் நல்லது என்போம். மைற்றல் கசிவு கடுமையாக உள்ளவருக்கு 60க்கு இறங்கினாலே தசை பழுதாகத் தொடங்கிவிட்டது என்று எடுக்கிறார்கள். இதயம் தள்ளுகிற இரத்தத்தில் ஒரு பங்கு முன்னுக்குப் போகாமல் இலேசாகப் பின்னுக்கு, சோணையறைக்குள் போய்விடுகிறது. அதையும் 'வெளியே தள்ளியது' என்று எக்கோ கணக்கில் சேர்த்துவிடும். 58 என்று கண்டு "நோர்மல்தானே" என்று கொப்பியை மூடிவைத்த வீடுகளை எனக்குத் தெரியும். சுருங்கி முடிந்த நேரத்தில் இடது இதயவறையின் குறுக்களவு 40 மில்லிமீற்றரைத் தொட்டாலும் அதே எச்சரிக்கைதான். இந்த நோயில் பல பேருக்கு வால்வை மாற்றாமல் தைத்துத் திருத்த முடியும். சொந்த வால்வே மிஞ்சும். நேரத்தோடு போகிறவருக்கு இது எவ்வளவு பெரிய லாபம்.

பெரியம்மாவின் நோய்க்கு வேறு தொடக்கம். கொட்டாஞ்சேனையில் தோட்டத்து வீடு ஒன்றில், ஒரே அறையில் முழுக் குடும்பமும் படுத்தெழும்பிய சிறுவயது. தொண்டைநோ வரும், காய்ச்சல் வரும், முழங்கால் வீங்கும், ஒரு கிழமையில் எல்லாம் போய்விடும். வாதக் காய்ச்சல். தொண்டையில் வந்த ஸ்ரெப்ரோகொக்கஸ் கிருமியை எதிர்க்க எழும்பின உடம்பு தன் வால்வையே தாக்கிவிடுகிற நோய். சனம் நெருங்கி வாழ்கிற இடம்தான் அதற்குப் பிடித்த இடம். மூன்று அல்லது நாலு கிழமைக்கு ஒருமுறை பென்சிலின் ஊசியை வருடக்கணக்காகப் போட்டால் திரும்பத் தாக்காமல் தடுக்கலாம். பெரியம்மாவுக்குச் சின்ன வயதில் யாரும் அதைச் சொல்லவில்லை. மைற்றல் வால்வின் இதழ்கள் தழும்பாகி ஒன்றோடொன்று ஒட்டிச் சுருங்கிக்கொண்டே வந்தன.

விவேகானந்தா மேட்டில் ஏறும்போது இளைக்கும். அதை முட்டு என்று சொல்லி, முட்டுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் பிள்ளை வயிற்றில் இருந்தபோது இரவில் படுக்க ஏலாமல் எழும்பி உட்கார்ந்திருந்தார். கர்ப்பத்தில் இரத்தத்தின் அளவு 40, 50 வீதம் கூடும், துடிப்பும் கூடும். குறுகிய வாசலால் இறங்க நேரம் போதாமல் இரத்தம் நுரையீரலில் தேங்கும். அதுவரை ஒளித்திருந்த மைற்றல் சுருக்கம் கர்ப்பத்தில் வெளியே வருவது இப்படித்தான். ஒரு பயிற்சி டொக்டர் பிள்ளை நெஞ்சில் குழாயை வைத்து நீண்ட நேரம் கேட்டு, எக்கோவுக்கு அனுப்பினார். அந்தப் பிள்ளையை எங்கள் வீட்டில் இன்றைக்கும் நினைப்போம்.

பெரியம்மாவுக்குப் பிள்ளை பிறந்தபின் பலூன் போட்டார்கள். கஞ்சி இனோவே என்ற ஜப்பானிய டொக்டர் 1982இல் முதலில் செய்தது. தொடை நாளம் வழியாக ஒரு பலூனைக் கொண்டுபோய், ஒட்டிய இதழ்களுக்கு நடுவில் ஊதி அவற்றைப் பிரித்துவிடுவது. நெஞ்சில் வெட்டு இல்லை. திறக்கிற பரப்பு 1.5 சதுர சென்ரிமீற்றர் அல்லது அதற்குக் கீழே இருந்து, அறிகுறியும் இருந்தால் இதைப் பற்றி யோசிப்பார்கள். ஆனால் எல்லா வால்வுக்கும் சரிவராது. இதழ்கள் இன்னும் மடங்கி நிமிரக்கூடியதாக இருக்கவேண்டும், கல்சியம் நிறையப் படிந்திருக்கக்கூடாது, பெரிய கசிவு இருக்கக்கூடாது, சோணையறையில் இரத்தக் கட்டி இருக்கக்கூடாது. பொறுத்துப் பொறுத்து இருந்தவருக்கு இந்த வழி மூடிவிடும். பிறகு நெஞ்சைத் திறப்பதுதான் மிச்சம். ஒப்பரேசனுக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவர் பெரும்பாலும் இன்னும் பெரிய ஒப்பரேசனை நோக்கித்தான் போகிறார்.

இனிச் சொல்லப்போவது எனக்கு வயிறெரிகிற விஷயம். வால்வு நோய் உள்ள பெண்பிள்ளையின் கலியாணம். நெஞ்சில் தழும்பு வந்தால் யார் கட்டுவான் என்று ஒப்பரேசனைத் தள்ளிவைக்கிறார்கள். குறிப்புப் பார்க்கும்போது மறைக்கிறார்கள். கலியாணத்துக்குப் பிறகு பென்சிலின் ஊசிக்குப் போனால் புருசன் வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று ஊசியையும் நிறுத்துகிறார்கள். பிறகு கர்ப்பம். பெரியம்மா பிழைத்தார், பிழைக்காதவர்களும் இருக்கிறார்கள். ஒழுங்கு தலைகீழாக இருக்கவேண்டும்: பிள்ளை பெறுவதற்கு முதல் இதய டொக்டரைப் பார்த்து, பலூனோ ஒப்பரேசனோ தேவையென்றால் அதை முடித்து, பிறகு கர்ப்பம். எந்த வால்வு வைப்பது என்பதிலும் இந்தக் கேள்வி இருக்கிறது. உலோக வால்வோடு கர்ப்பமானால் வோர்பரின், முக்கியமாக 6 முதல் 12ஆம் கிழமைவரை, கருவைப் பாதிக்கக்கூடும். நிறுத்தினால் வால்வில் இரத்தம் உறையும். திசு வால்வு வைத்தால் அந்தச் சிக்கல் குறைவு, ஆனால் இன்னொரு ஒப்பரேசன் பின்னால் வரும். இதைப் பெண்ணிடமே கேட்டு முடிவெடுக்கவேண்டும். பெண்ணை வெளியே நிறுத்திவிட்டுத் தாய் தகப்பன் முடிவெடுத்த அறைகளை நான் பார்த்திருக்கிறேன்.

வோர்பரினைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐஎன்ஆர் இரத்தப் பரிசோதனையை ஒழுங்காகச் செய்தால் அதோடு நீண்ட காலம் நன்றாக வாழலாம். வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன், முருங்கை இலை ஒன்றையும் விடத் தேவையில்லை. ஒரு கிழமை முழுக்கச் சாப்பிட்டு அடுத்த கிழமை தொடாமல் விடுவதுதான் பிழை, அளவு ஒரேமாதிரி இருக்கவேண்டும். நாட்டு மருந்து, நோக் குளிசை எதையும் கேட்காமல் சேர்க்கக்கூடாது. "வெளிநாட்டில புதுக் குளிசை வந்திருக்கு, பரிசோதனையே வேண்டாமாம்" என்று யாராவது அனுப்பினால் வாங்கிப் போடாதீர்கள். உலோக வால்வுக்கு அந்தப் புதுக் குளிசைகள் ஆகாது. வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டு, துடிப்பும் ஒழுங்கு தவறியவர்களுக்கு வோர்பரின் போன்ற பழைய மருந்தே மேல் என்று 2022இல் இன்விக்டஸ் ஆய்வு காட்டியது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் இந்த ஒப்பரேசனுக்குக் கட்டணம் இல்லை. கொழும்பு பெரியாஸ்பத்திரியில் செய்கிறார்கள், இப்போது யாழ்ப்பாணத்திலும் செய்கிறார்கள். ஆனால் வரிசை உண்டு. அதனால் 'எப்போது' என்ற கேள்வியில் காத்திருக்கும் காலத்தையும் சேர்த்துத்தான் எண்ணவேண்டும். பெயரைப் பதிந்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள்: மயக்கம், நெஞ்சுநோ, படுத்தால் மூச்சுமுட்டல் எதுவும் புதிதாக வந்தால் திகதியைப் பார்க்காமல் உடனே போய்ச் சொல்லுங்கள். தனியாரில் செய்ய நினைப்பவர்கள் ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஒப்பரேசனுக்கு முதலே விசாரியுங்கள். சென்னைக்குப் போவதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் வால்வு வைத்த பிறகு ஆயுள் முழுக்க உங்களைப் பார்க்கப்போவது இங்கேயுள்ள கிளினிக்தான், ஆகவே இங்கேயுள்ள டொக்டரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், எல்லாக் கடதாசியையும் கொண்டுவாருங்கள்.

அடுத்த கிளினிக்குக்கு முதல் ஒரு கடதாசியில் எழுதுங்கள்: போன வருடம் செய்து இந்த வருடம் விட்ட வேலைகள், எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார், எத்தனையாம் படியில் நிற்கிறார். டொக்டரிடம் கேளுங்கள்: எந்த வால்வு, சுருக்கமா கசிவா, ஈஎஃப் எவ்வளவு, போன எக்கோவிலிருந்து என்ன மாறியது, அடுத்த எக்கோ எப்போது. அயோட்டிக் சுருக்கம் கடுமையென்றால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள், நடுத்தரமென்றால் ஒன்று, இரண்டு வருடத்தில், இலேசானதென்றால் மூன்றிலிருந்து ஐந்து வருடத்தில் என்பது பொதுவான வழக்கம். பல்லையும் இப்போதே காட்டுங்கள். சூத்தைப் பல்லிலிருந்து இரத்தத்தில் இறங்குகிற கிருமி புது வால்வில் போய்க் குந்திவிடும் என்பதால் ஒப்பரேசனுக்கு முதல் வாயைத் துப்புரவாக்கச் சொல்வார்கள். மாமாவுக்கு மூன்று பல் பிடுங்கவேண்டி வந்தது, அதனால் ஒப்பரேசன் திகதியும் தள்ளிப்போனது.